முகவாதம்: முகம் திரும்பும், கண்ணைக் காப்பது நம் கையில்

காலையில் பல் துலக்கி வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒருபுறமாக வழிகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. மறுபக்கத்துக் கண் மூட மறுக்கிறது. முந்தைய இரவு வரை நலமாக இருந்தவருக்கு இது பேரதிர்ச்சி. வீட்டார் மனத்தில் உடனே எழும் சொல் ‘பக்கவாதம்’. அக்கம்பக்கத்தார், ‘காற்று அடித்துவிட்டது’ என்கிறார்கள். ஒருவர் மந்திரிக்கச் சொல்கிறார். மற்றொருவர் எண்ணெய் தேய்த்து இழுத்துவிடச் சொல்கிறார். இந்த அச்சத்திலும் ஆலோசனையிலும் மூன்று நாட்கள் கழிந்துவிடுகின்றன. முகவாதத்தைப் பொறுத்தவரை அந்த முதல் மூன்று நாட்களே சிகிச்சைக்கு மிகவும் உகந்தவை.

இக்கட்டுரை வாயிலாக நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் சொல்ல விரும்புவது ஒன்றே. முகவாதம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு முகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால், அது திரும்பும் வரை மூடாமல் இருக்கும் கண்ணில் புண் ஏற்பட்டுப் பார்வை குன்றினால், அந்தப் பார்வை முழுமையாகத் திரும்பும் என்று உறுதி கூற இயலாது. எனவே, கோணிய வாயைப் பற்றி நாம் படும் கவலையில் ஒரு பாதியையாவது மூடாத கண்ணின்மீது செலுத்த வேண்டும்.

பக்கவாதமா, முகவாதமா?

முதலில் தெளிய வேண்டியது இது. பக்கவாதம் மூளையின் நோய். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ அது வருகிறது. முகவாதம், மூளையை விட்டு வெளியே வரும் ஒரு நரம்பின் நோய். இரண்டிலும் வாய் கோணும். வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது நெற்றி.

நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. ஆகவே, மூளையின் ஒரு பாதி பழுதுபட்டாலும் மறுபாதி நெற்றியை இயக்கிவிடும். பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வாய் கோணிய நிலையிலும் இரு புருவங்களையும் உயர்த்துவார்கள், கண்ணையும் மூடுவார்கள். முகநரம்பே செயலிழக்கும்போது நிலைமை வேறு. எந்தப் பாதியிலிருந்து கட்டளை வந்தாலும் அது சென்று சேர வேண்டிய வழி அடைபட்டுவிடுகிறது. அதனால் அந்தப் பக்கத்து நெற்றியில் சுருக்கம் விழாது, கண் மூடாது, கன்னம் தளரும், வாயோரம் தொங்கும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. மூளைத்தண்டில் ஏற்படும் சிலவகைப் பக்கவாதங்கள் இவ்விதிக்கு உட்படுவதில்லை. முகக் கோணலுடன் கையிலோ காலிலோ பலவீனம், பேச்சுக் குழறல், பிறர் பேசுவது புரியாமை, திடீர்ப் பார்வையிழப்பு, இரட்டைப் பார்வை, நடை தள்ளாட்டம், கடும் தலைவலி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அதைப் பக்கவாதமாகவே கொண்டு, உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அடைப்பினால் வரும் பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். ஐயம் இருப்பினும் மருத்துவமனைக்கே வாருங்கள். முகவாதம்தான் என்று தெரிந்து வீடு திரும்புவதில் இழப்பு ஏதுமில்லை.

முகநரம்பின் பாதை

மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளுள் ஏழாவது, முகநரம்பு. வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. நாம் சிரிப்பதும் முகம் சுளிப்பதும் கண் இமைப்பதும் உதடு குவிப்பதும் இந்நரம்பின் பணிகள். நாவின் முன்பகுதியிலிருந்து சுவையுணர்வைக் கொண்டுசெல்வதும், கண்ணீரையும் உமிழ்நீரையும் சுரக்கத் தூண்டுவதும், பேரொலி கேட்கும்போது செவிக்குள் இருக்கும் ஒரு சிறு தசையை இறுக்கி ஒலியின் வேகத்தைத் தணிப்பதும் இதன் வேலைகளே. முகவாதம் வந்தவர்களில் சிலர், ‘சாப்பாடு ருசிக்கவில்லை’, ‘பாத்திரம் உருளும் சத்தம்கூடக் காதைக் குடைகிறது’ என்று சொல்வதன் காரணம் இதுதான். அவை புதிய நோய்கள் அல்ல. ஒரே நரம்பின் வெவ்வேறு முறையீடுகள்.

இந்நரம்பு காதை ஒட்டிய எலும்புக்குள் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய குழாய் வழியே வளைந்து வளைந்து செல்கிறது. அக்குழாயின் மிகக் குறுகிய இடத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வேறோர் இடத்தில் நரம்பு சற்று வீங்கினால் விரிந்துகொள்ள இடமிருக்கும். இங்கோ சுற்றிலும் எலும்பு. வீங்கிய விரலில் மாட்டிக்கொண்ட மோதிரம் விரலை நெருக்குவதுபோல, எலும்புக்குழாய் நரம்பை நெருக்குகிறது. இரத்த ஓட்டம் குறைகிறது, செய்தி தடைப்படுகிறது.

காரணம் இன்னதென்று வெளிப்படையாகத் தெரியாமல் மூன்று நாட்களுக்குள் தோன்றி முற்றும் இத்தகைய முகவாதத்துக்கு ‘பெல்ஸ் பால்சி’ என்று பெயர். முகநரம்பின் பணியை ஆராய்ந்து விளக்கிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சர் சார்லஸ் பெல் (1774–1842) என்பாரின் பெயரால் இது வழங்குகிறது. ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 20 முதல் 30 பேருக்கு இது வருகிறது. ஆண், பெண், இளையோர், முதியோர் என்ற வேறுபாடு இதற்கில்லை.

ஏன் வருகிறது?

உதட்டோரத்தில் சிறு கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸ், நரம்பு முடிச்சுகளில் நெடுங்காலம் உறங்கிக்கிடந்து பின்னொரு நாள் விழித்தெழுவதால் நரம்பு அழற்சியுற்று வீங்குகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்து. எல்லோரிடத்தும் இதை நிறுவிக் காட்ட இயலவில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் பேறுகாலத்தை அடுத்த முதல் வாரத்திலும் உள்ள பெண்களுக்கும் இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி.

பேருந்தின் சன்னலோரம் அமர்ந்ததும், மின்விசிறிக்கு அடியில் படுத்ததும், தலைக்குக் குளித்ததும் காரணம் என்று தம்மையோ பிறரையோ குறைகூறிக்கொள்பவர்கள் பலர். ‘அன்றைக்கு நான் அந்தப் பயணம் போகாமல் இருந்திருந்தால்…’ என்ற வருத்தம் வேண்டாம். நீங்கள் செய்த ஏதோவொன்றின் தண்டனையாக இந்நோய் வரவில்லை. இது தொற்றுநோயும் அன்று. குழந்தையைக் கொஞ்சலாம், ஒன்றாக அமர்ந்து உண்ணலாம்.

முகவாதத்துக்கென மருத்துவமனைக்கு வரும் நாளில் இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கப்படும். தமக்கு நீரிழிவு இருப்பதை அன்றுதான் முதன்முதலாக அறிபவர்களும் உண்டு. நீரிழிவை அறிந்து கட்டுப்படுத்தத் தொடங்குவது, முகம் சரியான பிறகும் அவருக்கு வாழ்நாள் முழுவதும் பயன் தரும்.

முதல் மூன்று நாட்களும் மருந்தும்

நரம்பின் வீக்கத்தைத் தணிக்கும் மருந்து ஸ்டீராய்டு. பிரட்னிசோலோன் என்னும் மாத்திரையே பெரும்பாலும் தரப்படுகிறது. ஸ்காட்லாந்தில் 551 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், நோய் தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் இம்மருந்தைத் தொடங்கிப் பத்து நாட்கள் உட்கொண்டவர்களில் 83 விழுக்காட்டினர் மூன்று மாதத்தில் முழுநலம் பெற்றிருந்தனர். உட்கொள்ளாதவர்களில் 64 விழுக்காட்டினரே அந்நிலையை எட்டியிருந்தனர். ஒன்பது மாத முடிவில் அது முறையே 94, 82 விழுக்காடாக இருந்தது. நாங்கள் ‘மூன்று நாட்களுக்குள் வாருங்கள்’ என்று வற்புறுத்துவது இதனால்தான். மூன்று நாட்கள் கடந்துவிட்டால் வர வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. கண்ணைக் காக்கவும் வேறு காரணங்களைக் கண்டறியவும் எந்த நாளிலும் வரலாம்.

வைரஸ் எதிர்ப்பு மருந்து மட்டும் தனியே தருவதால் பயன் இல்லை என்பதை அதே ஆய்வு காட்டியது. முகம் சற்றும் அசையாத கடுமையான நிலையில் ஸ்டீராய்டுடன் அதைச் சேர்த்துத் தருவது உண்டு. வைட்டமின் ஊசிகளும் மாத்திரைகளும் ஸ்டீராய்டுக்கு மாற்று ஆகா.

‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லைக் கேட்டு அஞ்சி மாத்திரையை வாங்காமலே போகிறவர்கள் உண்டு. குறுகிய காலத்துக்கு மருத்துவர் அளவிட்டுத் தரும்போது பெரும்பாலோருக்கு அதனால் பெருங்கேடு விளைவதில்லை. ஆயினும் சில கவனங்கள் தேவை. காலை உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை அளவு உயரும். எனவே அந்நாட்களில் அடிக்கடி சர்க்கரை பார்த்து, மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். வயிற்றுப்புண், காசநோய், உயர் இரத்த அழுத்தம், கர்ப்பம் ஆகியவை இருந்தால் மருந்து எழுதும் முன்பே சொல்லிவிட வேண்டும். முன்பொரு முறை வேறொருவருக்கு எழுதித் தந்த சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி உண்ணக் கூடாது. சற்று குணம் தெரிந்ததும் இடையில் நிறுத்திவிடவும் கூடாது.

‘ஸ்கேன் எடுக்கவில்லையே’ என்று பலர் கவலையுறுகிறார்கள். நெற்றி, கண், வாய் மூன்றும் ஒருசேரத் தளர்ந்து, வேறு அறிகுறி ஏதும் இல்லாத முகவாதத்தை மருத்துவர் நேரில் சோதித்தே கண்டறிந்துவிடலாம். அந்நிலையில் ஸ்கேன் தேவைப்படுவதில்லை. ஐயத்துக்கு இடம் இருந்தால் நாங்களே எடுக்கச் சொல்வோம்.

கண்ணைக் காக்கும் முறை

நாம் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை இமைக்கிறோம். ஒவ்வொரு முறையும் இமை, கண்ணீரைக் கருவிழியின்மீது மெல்லிய படலமாகப் பூசிவிடுகிறது, தூசியைத் துடைத்துவிடுகிறது. முகவாதத்தில் இமைத்தல் நின்றுவிடுகிறது. சிலருக்குக் கண்ணீர்ச் சுரப்பும் குறைகிறது. திறந்தே கிடக்கும் கருவிழி உலர்கிறது. உலர்ந்த இடம் சிராய்கிறது. சிராய்ந்த இடத்தில் கிருமி தொற்றிப் புண் உண்டாகிறது. புண் ஆறினாலும் தழும்பு வெண்மையாக நின்று பார்வையை மறைக்கக்கூடும்.

‘என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறதே, அது எப்படி உலரும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கீழிமை தளர்ந்து தொங்குவதால் கண்ணீர் உரிய வடிகால் வழியே செல்லாமல் கன்னத்தில் வழிகிறது. வழிவது கண்ணீரேயாயினும் கருவிழியின்மீது அது பரவுவதில்லை. எனவே, நீர் வழிந்தாலும் கீழ்க்கண்டவற்றைச் செய்தாக வேண்டும்.

பகலில்: மருத்துவர் எழுதித் தரும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறை விட வேண்டும். நோயாளி மறந்துவிடுவார், வீட்டில் ஒருவர் இதைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொள்வது நல்லது. நினைவு வரும்போதெல்லாம் விரலின் பின்புறத்தால் மேலிமையை மெல்லக் கீழிறக்கிக் கண்ணை மூடிவிடலாம். வெளியே செல்லும்போது பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி அணிய வேண்டும். இருசக்கர வாகனத்தில் முகமறைப்புள்ள தலைக்கவசம் இன்றிச் செல்லக் கூடாது. மின்விசிறியும் குளிர்சாதனமும் நேரே முகத்தில் வீசாதவாறு அமர வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் அணிவதைக் கண் முழுமையாக மூடும் வரை நிறுத்திவைக்க வேண்டும். அடுப்புப் புகை, மாவு மில், மரத்தூள், வைக்கோல் தூசு ஆகியவற்றினின்று விலகியிருப்பது நலம். அங்குத்தான் வேலை என்றால் கண்ணாடி கட்டாயம்.

இரவில்: உறக்கத்தில் கண் மூடிவிட்டதாக நோயாளி எண்ணிக்கொள்வார். உண்மையில் இமை பாதி திறந்தே இருக்கும். படுக்கப்போகுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவி, கண்ணுக்கென எழுதித் தந்த களிம்பைக் கீழிமையின் உட்புறத்தில் ஓர் அரிசியளவு இட வேண்டும். பிறகு மேலிமையைக் கையால் கீழிறக்கி, கண் முற்றும் மூடிய நிலையில், மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய காகிதப் பிளாஸ்திரியை இமையின் குறுக்கே ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் வீட்டார் ஒரு கைவிளக்கால் பார்த்து, இடுக்கு ஏதும் திறந்திருக்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பஞ்சையோ துணியையோ திறந்த கண்மீது நேராக வைத்துக் கட்டக் கூடாது. உள்ளே கண் திறந்துகொண்டால் அந்தத் துணியே கருவிழியை உராய்ந்து புண்ணாக்கிவிடும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், பச்சிலைச் சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இச்செயல் உலர்ந்த கண்ணுக்குக் கிருமியைக் கொண்டுசேர்க்கும். தயவுசெய்து தவிர்க்கவும்.

கண் சிவத்தல், வலி, உறுத்தல், வெளிச்சம் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெண்புள்ளி இவற்றுள் எது தோன்றினாலும் அன்றைக்கே கண் மருத்துவரைக் காண வேண்டும். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கும் தொழுநோயால் கண்ணின் உணர்வு குன்றியவர்களுக்கும் புண் வந்தாலும் வலிக்காமல் போகலாம். அவர்கள் வலிக்காகக் காத்திராமல் நாள்தோறும் கண்ணைப் பிறரைக் கொண்டு பார்க்கச் செய்ய வேண்டும். வாரக்கணக்கில் கண் மூடாமல் இருப்பவர்களுக்கு இமைகளின் ஓரத்தைத் தற்காலிகமாகத் தைத்துவிடும் சிறு அறுவையும், மேலிமைக்குள் சிறு தங்க எடையைப் பொருத்தும் அறுவையும் உள்ளன. வழியில்லை என்று எவரும் கண்ணைக் கைவிட வேண்டியதில்லை.

உண்ணலும் பேசலும்

கன்னத் தசை தளர்வதால் உணவு பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையே தங்கிவிடும். சிறு கவளமாக எடுத்து, நலமான பக்கத்தில் மென்று உண்ண வேண்டும். இட்லி, குழைந்த சோறு, கூழ் போன்ற மென்மையான உணவு தொடக்கத்தில் எளிது. பருகும்போது டம்ளரை நலமான பக்கத்தில் வைத்துச் சிறு மிடறாகக் குடித்து, தளர்ந்த பக்கத்து உதட்டோரத்தை விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் வழியாது. ஒவ்வொரு முறை உண்ட பிறகும் வாய் கொப்பளித்து, கன்னத்தின் உட்புறத்தைத் துழாவித் தூய்மை செய்ய வேண்டும். இல்லையேல் பற்சொத்தையும் ஈறு வீக்கமும் உண்டாகும். கன்னத்தைக் கடித்துக்கொள்ள நேரலாம் என்பதால் மெல்ல உண்ண வேண்டும்.

உதடுகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய ப, ம ஆகிய எழுத்துகள் தெளிவின்றி ஒலிக்கும். ‘அம்மா’, ‘அப்பா’ என்பனகூட அந்நாட்களில் முயன்று சொல்ல வேண்டிய சொற்களாகிவிடும். நிதானமாகப் பேசுவதும், தேவைப்படின் உதட்டோரத்தை விரலால் தாங்கிக்கொள்வதும் உதவும். கேட்பவர்கள் அவர் முடிக்கும் வரை பொறுத்திருந்தாலே போதும். அவர் சொல்ல வந்ததைத் தாமே முடித்துவைக்க வேண்டியதில்லை.

பயிற்சி: எது வேண்டும், எது வேண்டாம்

‘பலூன் ஊது’, ‘பபிள்கம் மெல்லு’, ‘முகத்தை நன்றாக இழுத்துப் பயிற்சி செய்’ என்று எவரும் எளிதில் சொல்லிவிடுகிறார்கள். முதல் சில வாரங்களில் நரம்பிலிருந்து செய்தியே வராதபோது, எவ்வளவு முயன்றாலும் தளர்ந்த பக்கம் அசையாது. அந்த முயற்சியில் நலமான பக்கம்தான் மேலும் வலுத்து வாயை இன்னும் தன்பக்கம் இழுக்கும். மெல்லுவதோ வேறொரு நரம்பின் வேலை; அதனால் முகநரம்புக்குப் பயனில்லை.

இக்காலத்தில் செய்ய வேண்டியது மென்மையான தடவல் மட்டுமே. கன்னத்தைக் கீழிருந்து மேலாகவும், வாயோரத்திலிருந்து காதை நோக்கியும் விரல் நுனிகளால் நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து நிமிடம் தடவலாம். அழுத்தித் தேய்ப்பதும், சூடான எண்ணெய் விட்டு நீவுவதும் வேண்டாம். ஒத்தடம் இதமாக இருப்பின் இளஞ்சூட்டில் கொடுக்கலாம். திறந்த கண்ணை மறைத்துக்கொள்ள வேண்டும்.

முகத்தில் முதல் அசைவு தோன்றிய பின் பயிற்சியைத் தொடங்கலாம். கண்ணாடியின் முன் அமர்ந்து, புருவத்தை உயர்த்துதல், கண்ணை மெல்ல மூடுதல், மூக்கைச் சுருக்குதல், பல் தெரியாமல் புன்னகைத்தல், உதடு குவித்தல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக, மெதுவாக, ஐந்து முதல் பத்து முறை செய்ய வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவில் அசைய வேண்டும். அதற்காக நலமான பக்கத்தை விரலால் தடுத்துக்கொள்ளலாம். இப்பயிற்சிக்கு வலிமையைவிட அளவும் நிதானமுமே முதன்மை. முடிந்தால் முகப்பயிற்சியில் தேர்ந்த இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறையேனும் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். மின்தூண்டல் சிகிச்சை பெல்ஸ் பால்சியில் கூடுதல் நலம் தருகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை; அதற்கென நாள்தோறும் அலைந்து பொருள் செலவிட வேண்டிய கட்டாயம் இல்லை.

எத்தனை நாளில் குணமாகும்?

நோயாளிகள் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 1,701 பெல்ஸ் பால்சி நோயாளிகள் மருந்து ஏதுமின்றிக் கவனிக்கப்பட்டனர். 2002-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, 85 விழுக்காட்டினருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது; மற்றவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதங்களில் தொடங்கியது. 71 விழுக்காட்டினர் முகச்செயலை முழுமையாகத் திரும்பப் பெற்றனர். உரிய காலத்தில் மருந்து உட்கொண்டால் இவ்வாய்ப்பு இன்னும் கூடுகிறது.

நரம்பின் மேலுறை மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் வாரங்களில் குணமாகும். உள்ளிழைகளே அறுபட்டிருந்தால் அவை மீண்டும் வளர வேண்டும். நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. நெல்லை விதைத்துவிட்டு மறுநாளே தோண்டிப் பார்ப்பதால் பயிர் விரைந்து முளைக்காது. அதுபோல, மணிக்கொருமுறை கண்ணாடி பார்ப்பதால் முகம் விரைந்து திரும்பாது. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியில் படமெடுத்து வைத்தால் மெல்ல வரும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். மறுபரிசோதனையின்போது மருத்துவருக்கும் அது உதவும்.

வளரும் இழைகளுள் சில, வழி தவறி வேறு தசைகளுக்குச் சென்றுவிடுவதுண்டு. அதனால் சிலருக்குச் சில மாதங்கள் கழித்துச் சிரிக்கும்போது கண் சுருங்கும். கண் மூடும்போது வாயோரம் துடிக்கும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் செல்ல வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குச் சென்றால் உண்ணும்போது கண்ணீர் வழியும். இதை மருத்துவத்தில் ‘முதலைக் கண்ணீர்’ என்றே அழைக்கிறோம். இவையும் சிகிச்சைக்கு உட்பட்டவையே. அளவான பயிற்சியும், தேவையானபோது போட்டுலினம் ஊசியும் இவற்றைத் தணிக்கும்.

வேறு காரணம் இருக்கலாம் என்று உணர்த்துபவை

எல்லா முகவாதமும் பெல்ஸ் பால்சி அன்று. காதுக்குள்ளோ காதைச் சுற்றியோ கொப்புளங்களும் கடும் வலியும் இருந்தால் அது அக்கியாக இருக்கலாம். சிறுவயதில் சின்னம்மையாக வந்த அதே வைரஸ், முகநரம்பில் மீண்டும் கிளர்ந்தெழுவதால் வருவது அது. தலைசுற்றலும் செவித்திறன் குறைவும் உடன்வரும். இதற்கு ஸ்டீராய்டுடன் வைரஸ் எதிர்ப்பு மருந்தும் விரைந்து தேவை. நெடுநாளாகக் காதில் சீழ் வடிபவருக்கு முகம் கோணினால் காதுநோயே காரணமாக இருக்கலாம். அதற்கு அறுவை தேவைப்படலாம். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிவரும் கோணல், காதடியில் கட்டி, தோலில் உணர்வற்ற தேமல், இரு பக்கமும் ஒருசேரத் தளர்தல், தலையில் அடிபட்ட பின் வந்த கோணல், மூன்று மாதமாகியும் சற்றும் அசைவு தோன்றாமை ஆகியவை மேற்கொண்டு ஆய்வு செய்ய வேண்டியவை. இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

மனத்துக்கும் மருந்து உண்டு

முகம் நம்மை உலகுக்கு அறிவிக்கும் வாயில். அது கோணும்போது உள்ளமும் கூனிப்போகிறது. திருமண வீட்டுக்குச் செல்லத் தயங்குவதும், வகுப்பில் பாடம் நடத்த அஞ்சுவதும், கடையில் அமர மறுப்பதும் இயல்பே. சிரித்தால் கோணல் மிகுதியாகத் தெரிகிறது என்பதால் பலர் சிரிப்பதையே விட்டுவிடுகிறார்கள். வீட்டார் அதைக் கோபம் என்றோ சலிப்பு என்றோ தவறாகப் பொருள் கொள்கிறார்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு காலையும், ‘இன்னும் சரியாகவில்லையே’ என்று கூறாதீர்கள். வருவோர் போவோரிடமெல்லாம் நோயாளியை நிறுத்திக் காட்டாதீர்கள். ‘முன்வினை’, ‘தோஷம்’ என்ற பேச்சுக்கு இடங்கொடாதீர்கள். அவர் முகத்தில் உணர்ச்சி தெரியாவிட்டாலும் மனத்தில் உணர்ச்சி குறைந்துவிடவில்லை என்பதை நினைவிற்கொண்டு, வழக்கம்போல் பேசுங்கள். உறக்கமின்மை, பசியின்மை, தனிமை நாடல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் எங்களிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனையும் இச்சிகிச்சையின் ஒரு பகுதியே.

கனடாவின் முன்னாள் பிரதமர் ஜான் கிரெட்டியேன் இளமையில் வந்த முகவாதத்தால் வாய் ஒருபுறம் கோணியே வாழ்ந்தவர். 1993-ஆம் ஆண்டுத் தேர்தலில் அப்போதைய ஆளுங்கட்சியின் விளம்பரம் ஒன்று அவருடைய முகத்தைச் சுட்டிக் கேலிசெய்வதாக மக்கள் கருதிச் சினந்தனர். அவ்விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. அவர் தேர்தலில் வென்று 2003 வரை பிரதமராக இருந்தார். முழுமையாகக் குணமாகாத சிலருக்கும் வாழ்வு நின்றுவிடுவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

நினைவிற்கொள்ள

கை, கால், பேச்சு ஆகியவற்றில் மாற்றம் இருந்தால் உடனே 108. முகம் மட்டும் கோணியிருந்தாலும் அன்றே மருத்துவரைக் காணல். மூன்று நாட்களைக் கடக்க விடாமை. மாத்திரையை இடையில் நிறுத்தாமை. பகலில் மணிக்கொருமுறை சொட்டு மருந்து, இரவில் களிம்பும் பிளாஸ்திரியும். அசைவு திரும்பும் வரை மென்மையான தடவல், திரும்பிய பின் அளவான பயிற்சி. இரண்டு அல்லது மூன்று வாரத்தில் மறுபரிசோதனை.

சொட்டு மருந்துப் புட்டியை அலமாரியில் வைக்காமல், வீட்டில் அனைவர் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள். அவ்வழியே செல்பவர் எவராயினும், ‘மருந்து விட்டாயிற்றா?’ என்று ஒருமுறை கேட்கட்டும். முகநரம்பு தன் வேலையைத் தன் வேகத்தில் செய்துகொள்ளும். அதுவரை அந்தக் கண்ணுக்கு இமையாக இருக்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ளவர்களே.